காற்றாலை இறக்கைக்குள் ஒரு துணி

திருப்பூரில் துணி எதுவானாலும் முதலில் கேட்பது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்பதுதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்கு அது. டி-ஷர்ட் தைக்கும் சிங்கிள் ஜெர்சி பெரும்பாலும் 140 முதல் 180 வரை இருக்கும். குளிர் நாடுகளுக்குப் போகும் ஃப்ளீஸ் 300ஐத் தொடும். துணியில் சிறு வட்டம் ஒன்றை வெட்டித் தராசில் வைத்து இந்த எண்ணைப் பார்ப்பது பனியன் கம்பெனிகளில் அன்றாட வேலை.

இதே எண்ணைச் சொல்லி விற்கப்படும் இன்னொரு துணியும் இந்த மாவட்டத்தில் ஏராளமாக இருக்கிறது. அதன் ஜி.எஸ்.எம். 600, 800, 1,200 என்று போகும். அதை யாரும் உடுத்த முடியாது; தோலில் பட்டாலே அரிக்கும். பல்லடம், பொங்கலூர், கேத்தனூர், உடுமலைப்பேட்டை, தாராபுரம் வட்டாரங்களில் வயல்களுக்கு மேலே சுழலும் காற்றாலைகளின் இறக்கைக்குள் அது புதைந்து கிடக்கிறது. கண்ணாடி இழையால் ஆன துணி அது. அதை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக்கினால் கிடைப்பதுதான் கூட்டுப்பொருள். பொறியாளர்கள் காம்போசிட் என்பார்கள். கடைத்தெருவில் அதற்குப் பெயர் ஃபைபர். ஃபைபர் படகு, ஃபைபர் தொட்டி, ஃபைபர் கதவு எல்லாம் இதே குடும்பம்.

நூலையும் துணியையும் நம்பி வாழும் ஊர் திருப்பூர். கூட்டுப்பொருளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனென்றால் கூட்டுப்பொருளின் பலம், பலவீனம் இரண்டுமே இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எதனோடு ஒட்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகின்றன.

நொறுங்கும் கண்ணாடி தாங்கும் கண்ணாடியான கதை

ஜன்னல் கண்ணாடி நொறுங்கும். அதே கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுத்தால் அது எஃகைவிடப் பலமாகிவிடும். இந்த விந்தையை ஆராய்ந்தவர் ஏ.ஏ. கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1921இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் விடையைச் சொன்னார். எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் உண்டு. இழுக்கும்போது விசை முழுவதும் அந்தக் கீறலின் முனையில் குவிகிறது. அங்கிருந்து உடைப்பு ஓடுகிறது. இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமில்லாமல் போகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடிக் கம்பியைவிட, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமனான இழை சுமார் 20 மடங்கு பலமாக இருந்ததை அவர் அளந்து காட்டினார்.

ஆனால் வெறும் இழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இழுத்தால் தாங்கும், அமுக்கினால் மடங்கிவிடும். ஒன்றோடொன்று உரசினால் புதுக் கீறல் விழும். இந்த இடத்தில் ரெசின் வருகிறது. எபாக்சியோ பாலியெஸ்டர் ரெசினோ தன்னளவில் பெரிய பலசாலி இல்லை. ஆனால் அது ஒவ்வோர் இழையையும் சூழ்ந்து காக்கிறது, இடம் மாறாமல் பிடிக்கிறது, ஓர் இழையின் சுமையைப் பக்கத்து இழைக்குக் கடத்துகிறது. தேர்வடத்தில் ஒரு புரி அறுந்தாலும் தேர் நிற்பதில்லை. மற்ற புரிகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கின்றன. கூட்டுப்பொருளிலும் ஓர் இழை அறுந்தால், சுற்றியுள்ள ரெசின் அதன் சுமையை அண்டை இழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது. கீறல் ஓடி ஓடி முழுப் பொருளையும் பிளப்பதற்குள் வழியில் தடைபட்டு நின்றுவிடுகிறது.

எண்களைப் பார்ப்போம். எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் கண்ணாடி–எபாக்சித் தகடு, இழையின் போக்கில் இழுத்தால் சுமார் 1,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும். கட்டட வேலைக்குப் பயன்படும் சாதாரண எஃகு 400 மெகாபாஸ்கலைச் சற்றுத் தாண்டியதும் அறுந்துவிடும். தகட்டின் எடையோ அதே அளவு எஃகின் எடையில் கால் பங்குதான். இவ்வளவு பெருமைக்குரிய அதே தகட்டைக் குறுக்குவாட்டில் இழுத்துப் பாருங்கள். 40 மெகாபாஸ்கல் அளவிலேயே பிளந்துவிடும். ஒரே பொருளில் திசைக்குத் திசை இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

எஃகுக்கு இந்தத் திசைப் பாகுபாடு அநேகமாக இல்லை. அதனால் எஃகு வாங்குபவர் பலத்தைக் கடையிலேயே வாங்கிவிடுகிறார். கூட்டுப்பொருளில் பலத்தை வடிவமைப்பவர்தான் உருவாக்க வேண்டும். சுமை வரும் திசையைக் கண்டறிந்து அந்தத் திசையில் இழையை ஓட்ட வேண்டும். கணக்குப் பிழைத்தால் விலையுயர்ந்த இழையும் வீண்.

லூப் நெளியும், நேர் இழை தாங்கும்

பனியன் துணி ஏன் நீள்கிறது? பருத்தி நூல் நீள்வதால் அல்ல. நூல் வளைந்து வளைந்து லூப்பாக நிற்கிறது. இழுக்கும்போது லூப் நிமிர்கிறது, அவ்வளவுதான். உடம்போடு ஒட்டி அசையும் ஆடைக்கு இதுவே வரம். இறக்கைக்கோ இது ஆகாது. லூப்பாக வளைந்த கண்ணாடி இழை ரெசினுக்குள்ளும் வளைந்தே இருக்கும். சுமை வந்தால் முதலில் நிமிரப் பார்க்கும். சுற்றியுள்ள ரெசின் விரிசல் விடும்.

தறித் துணியில் இந்தக் குறை கொஞ்சம் குறையும். அங்கும் பாவும் ஊடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் சிறு நெளிவு இருந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவையும் ஒழிக்க ஒரு வழி கண்டார்கள். இழைக் கற்றைகளை நேர்க்கோடாகப் பரப்பு. ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது 45 டிகிரிச் சாய்வில், அதற்கடுத்தது எதிர்ப்பக்கம் 45 டிகிரியில். இந்த அடுக்குகள் கலையாமல் இருக்க மெல்லிய பாலியெஸ்டர் நூலால் பிணைத்துவிடு. அந்தப் பிணைப்பைச் செய்வது வார்ப் நிட்டிங் இயந்திரம். அதாவது இன்றைய காற்றாலை இறக்கைத் துணியும் நிட்டிங் இயந்திரத்திலிருந்துதான் வருகிறது. திருப்பூரில் பெரும்பாலும் ஓடுவது சர்குலர் நிட்டிங். இது அதன் பங்காளி. பனியனில் லூப்பே துணி. இறக்கைத் துணியில் லூப் பிடித்து வைக்க மட்டும். சுமையைத் தாங்குவது அது பிடித்திருக்கும் நேர் இழை.

லூப்புக்கும் கூட்டுப்பொருள் உலகில் ஓர் இடம் உண்டு. காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்தும்போது, மிஞ்சிய காலின் வடிவத்துக்கு அச்சு எடுத்து, அதன்மேல் குழாய் வடிவ நிட்டிங் துணியைக் காலுறை போல இழுத்துப் போர்த்தி, ரெசின் ஊற்றி இறுக்கிக் கிண்ணம் செய்கிறார்கள். மேடு பள்ளமான அச்சின்மேல் சுருக்கமில்லாமல் படிய லூப்பின் நெளிவுதான் உதவுகிறது. அதிக பலம் வேண்டிய இடத்தில் நேர் இழை, சிக்கலான வடிவம் வேண்டிய இடத்தில் லூப். எந்த அமைப்பும் எல்லா வேலைக்கும் ஆகாது.

காற்று கேட்கும் விலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கி நுழைந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சமவெளியில் வேகமாக வீசுகிறது. 1990களில் வரிச்சலுகையும் மின்தேவையும் சேர்ந்துகொள்ள, நூற்பாலைகள் பல சொந்தமாகக் காற்றாலை நிறுவின. பனியனுக்கான நூலில் கணிசமான பகுதி இந்தக் காற்றால் நூற்கப்பட்டது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இறக்கையை ஏன் எஃகால் செய்யக்கூடாது? செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1941இல் ஸ்மித்–புட்னம் காற்றாலை நிறுவப்பட்டது. உலகில் மெகாவாட் அளவை எட்டிய முதல் காற்றாலை அது, திறன் 1.25 மெகாவாட். சுழலியின் விட்டம் 53 மீட்டர். இறக்கைகள் எஃகு. 1945 மார்ச்சில் ஓர் இறக்கை அடிப்பகுதியில் முறிந்து விழுந்தது. அத்தோடு அந்த முயற்சி முடிந்தது. 1978இல் டென்மார்க்கின் ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவில், 54 மீட்டர் விட்டத்தில், கண்ணாடி இழை இறக்கைகளுடன் ஒரு காற்றாலையைக் கட்டினார்கள். அது பல பத்தாண்டுகள் சுழன்றது.

எஃகு இறக்கை தோற்றதற்குக் காரணம் சோர்வு. ஒரே ஒரு முறை வரும் பெரிய சுமையைவிட, திரும்பத் திரும்ப வரும் சிறிய சுமை உலோகத்தை மெல்லக் கொல்லும். இறக்கை மேலிருந்து கீழே வரும்போது அதன் சொந்த எடை ஒரு விளிம்பை இழுத்து மறு விளிம்பை அமுக்குகிறது. மறுபக்கம் ஏறும்போது இது தலைகீழாகிறது. நிமிடத்துக்கு 15 சுற்று என்ற கணக்கில் இடைவிடாமல் சுழன்றால் 20 ஆண்டுகளில் 15 கோடி முறைக்கு மேல் இந்த இழுப்பும் அமுக்கமும் மாறி மாறி வரும். எடை குறைந்தால் இந்தத் தண்டனையும் குறையும்.

எடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இறக்கையின் நீளத்தை இரட்டித்தால் அது வீசும் பரப்பு நான்கு மடங்காகிறது. மின்சாரமும் அந்த அளவில் கூடுகிறது. ஆனால் அதே வடிவத்தில் பெருக்கினால் எடை எட்டு மடங்காகிவிடும். 1990களின் 225 கிலோவாட் ஆலைகளுக்கு 13 மீட்டர் அளவிலான இறக்கை போதுமானதாக இருந்தது. இப்போது 50 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் நெடுஞ்சாலைகளில் இரவோடு இரவாக நகர்ந்து வருகின்றன. இந்த வளர்ச்சிக்கு வழிவிட்டது உள்ளே ஓடும் இழைதான். இறக்கையின் நடுவில் நீளவாக்கில் ஓடும் தடித்த பட்டையில் எல்லா இழையும் ஒரே திசை. வளைவைத் தாங்குவது அதன் வேலை. மேலோட்டில் 45 டிகிரி இழைகள். முறுக்கைத் தாங்குவது அவற்றின் வேலை. இடையில் எடை குறைந்த பால்சா மரமோ நுரைப்பலகையோ வைத்து ஓட்டின் தடிமனைக் கூட்டுகிறார்கள். மிக நீண்ட இறக்கைகளில் நடுப்பட்டைக்குக் கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழை வருகிறது. கண்ணாடி இழைத் தகடு பலசாலிதான். ஆனால் எஃகைவிட ஐந்து மடங்கு எளிதாக வளையும். அதிகம் வளைந்தால் இறக்கை கோபுரத்தில் மோதிவிடும்.

சாயப்பட்டறைக்குள் இரண்டு தீர்ப்புகள்

கூட்டுப்பொருள் எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும் என்பதை ஒரே வளாகத்தில் பார்க்க வேண்டுமானால் சாயப்பட்டறைக்கும் அதன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போக வேண்டும்.

நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமானதும், ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவின் தேக்கமாக மாறியதும் திருப்பூர் மறக்க முடியாத வரலாறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறையை நிறுவியவர்களே மீண்டும் இயங்க முடிந்தது. அந்த முறையின் மையத்தில், நீரிலிருந்து உப்பை வடித்துப் பிரிக்கும் ஆர்.ஓ. இருக்கிறது. அங்கே வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் நீண்ட வெள்ளைக் குழாய்கள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்தவை. சாயமிடச் சேர்த்த உப்பு முழுவதும் கரைந்திருக்கும் நீர், மிகுந்த அழுத்தத்தில், இரவும் பகலும் அவற்றுக்குள் ஓடுகிறது. எவர்சில்வரையே அரித்துத் துளையிடக்கூடிய உப்புநீர் இந்தக் குழாயை ஒன்றும் செய்வதில்லை. துருப்பிடிக்க அதில் இரும்பே இல்லை.

அந்தக் குழாயைச் செய்யும் விதத்தில் ஓர் அழகான கணிதம் இருக்கிறது. இரு முனையும் மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, நீளவாக்கில் வரும் இழுவிசையைப்போல் இரு மடங்கு இழுவிசை சுற்றுவாக்கில் வருகிறது. எஃகுக் குழாயில் சுற்றுவாக்கிற்கு ஏற்ற தடிமனைக் கொடுத்தால் நீளவாக்கில் பாதிப் பலம் வீணாகும். இழையைச் சுற்றிச் செய்யும்போது கோணத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஒரே கோணத்தில் சுற்றுவதானால் இரண்டு திசைக்கும் சரியாகப் பங்கிட்டுத் தரும் கோணம் 54.7 டிகிரி. இரண்டு என்ற எண்ணின் வர்க்கமூலத்திலிருந்து வரும் விடை இது. தேவையான திசையில் தேவையான அளவு பலம், கிராம் வீணில்லாமல்.

இப்போது பக்கத்து ஷெட்டில் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தைப் பாருங்கள். அது எவர்சில்வர். ஏன் அங்கே ஃபைபர் இல்லை? பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற 130 டிகிரி செல்சியஸ் வேண்டும். பருத்திக்கு அத்தனை சூடு வேண்டாம். ஆனால் சோடா உப்பும் காஸ்டிக்கும் சேரும். சாதாரண எபாக்சி 130 டிகிரிச் சூட்டில் தன் இறுக்கத்தை இழந்து இளகத் தொடங்கும். சூடான காரம் கண்ணாடி இழையையே தின்றுவிடும். ஒரே நிலத்தில், ஒரே உப்புநீரைக் கையாளும் இரண்டு கலன்கள். குளிர்ந்த உப்புநீருக்குக் கூட்டுப்பொருள், சூடான காரத்துக்கு உலோகம். நல்ல பொறியாளர் பொருளின் மேல் பாசம் வைப்பதில்லை. வேலையைப் பார்த்துப் பொருளைத் தேர்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

எஃகுத் தகட்டில் சுத்தியல் விழுந்தால் நசுங்கல் தெரியும். கூட்டுப்பொருளில் மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அடுக்குகளுக்கு நடுவே இழை இல்லை, ரெசின் மட்டுமே உண்டு. அதுவே இந்தப் பொருளின் மிகப் பலவீனமான இடம். இழுவிசையைத் தாங்கும் தகடு, இப்படிப் பிரிந்தபின் அமுக்கத்தில் திடீரென மடிந்துவிடும். அதனால்தான் தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்பது, மீயொலி செலுத்திப் பார்ப்பது, கயிற்றில் தொங்கியும் ட்ரோன் விட்டும் இறக்கையை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பது என இத்தனை பாடு.

இறக்கை முனையின் வேகம் விநாடிக்கு 75 மீட்டர் அளவில் இருக்கும். மணிக்கு 270 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழைத்துளியும் மண்ணும் முன்விளிம்பைச் சொரசொரப்பாக்கிவிடுகின்றன. காற்று சீராக வழியாமல் உற்பத்தி குறைகிறது. மின்னல் தாக்கினால் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்த இறக்கைக்குள் உலோகக் கம்பி ஓட்ட வேண்டியிருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினை நொய்யவைக்கிறது. அதற்குத் தனிப் பூச்சு வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து தொழிற்கூடத்திலேயே பிறக்கிறது. அச்சுக்குள் துணியை விரித்து, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடத்தால் ரெசினை உள்ளே இழுக்கிறார்கள். விரிக்கும்போது துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால், அந்த இடத்தில் இழை நேர்க்கோட்டை விட்டு விலகிவிடும். ரெசின் போய்ச் சேராத இடம் உலர்ந்த இழையாகவே நின்றுவிடும். இறுகிய பிறகு திருத்துவது கடினம். துணியைக் கையால் தடவிச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்கும் திறமை, கட்டிங் மேசையில் நிற்கும் திருப்பூர்த் தொழிலாளியிடம் ஏற்கெனவே இருக்கிறது. இத்துறைக்கு அது மதிப்புள்ள மூலதனம்.

பிரிக்க முடியாத சேர்க்கை

கூட்டுப்பொருளின் ஆகப் பெரிய குறை அதன் ஆயுள் முடியும்போதுதான் வெளிப்படுகிறது. எபாக்சி ஒருமுறை இறுகினால் அதன் மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. மறுபடி உருக்க முடியாது. எஃகுக் கோபுரத்தைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போவார். இறக்கையை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கேஸ்பர் நகரக் குப்பைக் கிடங்கில் இறக்கைகளைத் துண்டு போட்டு மண்ணில் புதைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1990களில் நிறுவிய ஆலைகள் தம் ஆயுளைக் கடந்துகொண்டிருக்கின்றன. பழைய காற்றாலைகளை மாற்றவும் புதுப்பிக்கவும் மாநில அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. இறங்கும் ஒவ்வோர் ஆலையோடும் மூன்று இறக்கைகள் தரைக்கு வருகின்றன.

பிரிக்க முடியாத சேர்க்கையின் சிக்கலைத் திருப்பூர் இன்னொரு வடிவில் நன்றாகவே அறியும். பருத்திக் கட்டிங் வேஸ்ட்டை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்லில் மறுபடி நூலாக்கும் தொழில் இங்கே வேரூன்றியிருக்கிறது. அந்த வேஸ்ட்டில் ஐந்து சதவீதம் லைக்ரா கலந்திருந்தால் போதும், வேலை கெடும். கிழிக்கும் இயந்திரத்தில் அது அறுபடாமல் இழுபட்டுச் சிக்கும். லைக்ரா கலந்த பனியன் கண்டிப்பான பொருளில் கூட்டுப்பொருள் இல்லை. ஒட்டும் ரெசின் அதில் கிடையாது. ஆனால் பாடம் ஒன்றுதான். இரண்டு பொருளைச் சேர்ப்பதில் கிடைக்கும் நன்மை இன்றைக்கு. அவற்றைப் பிரிக்க வேண்டிய பாரம் நாளைக்கு.

வழிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் இறக்கைகளை அரைத்துச் சிமென்ட் சூளையில் இடுகிறார்கள். ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடியிலுள்ள சிலிக்கா சிமென்ட்டில் சேர்ந்துவிடுகிறது. சிமென்ட் ஆலைகள் நிறைந்த தமிழ்நாட்டில் இது எட்டாத வழி இல்லை. இன்னும் நல்ல வழி, பிரியக்கூடிய ரெசினையே முதலில் பயன்படுத்துவது. மிதமான அமிலத்தில் கரைந்து இழையை விடுவிக்கும் ரெசினால் ஆன இறக்கையை சீமென்ஸ் கமேசா 2021இல் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஜெர்மானியக் கடற்பரப்பில் கஸ்காசி காற்றாலைப் பண்ணையில் அது பொருத்தப்பட்டது. சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் ரெசினால் 62 மீட்டர் நீள இறக்கையை 2022இல் ஸ்பெயினில் செய்து காட்டினார்கள்.

நமக்கும் அடித்தளம் இருக்கிறது. 2020இல் 1,480 கோடி ரூபாய் மதிப்பில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழிலகத் துணிகளுக்கும், ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கும் சிறப்பு மையங்கள் இயங்குகின்றன. நிட்டிங் தெரிந்த கைகளும், வேஸ்ட்டைப் பிரித்துப் பழகிய கைகளும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. இறக்கைத் துணி பின்னுவதும், ஆயுள் முடிந்த இறக்கையை அறுத்துப் பயனாக்குவதும் இந்த வட்டாரத்தின் அடுத்த தொழில்களாக வளர முடியும்.

அதற்கு முதல் படி எளிது. புதிய காற்றாலை வாங்கும் ஒவ்வொரு மில் உரிமையாளரும், விலை, திறன், உத்தரவாதம் கேட்பதோடு, இந்த இறக்கையை 25 ஆண்டுகள் கழித்து யார் எடுத்துச் செல்வார், எப்படிப் பிரிப்பார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நொய்யல் விஷயத்தில் அந்தக் கேள்வியை நாம் காலம் தாழ்த்திக் கேட்டோம். ஆறு அதற்கு விலை கொடுத்தது. இறக்கை விஷயத்தில் இப்போதே கேட்டுவிடலாம்.